ட்ரெய்லர் இழுக்கிற ட்ரக்குக்கு எஞ்சினில் காசு போடலாமா?

"அண்ணா, வண்டி கத்துது. நாப்பதைத் தாண்ட மாட்டேங்குது. ஒரு ட்யூன் இருக்காம், அறுநூத்தம்பது டாலர். வாங்கிப் போட்டுடவா?"

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை. கொலராடோ மாநிலத்து டென்வரிலிருந்து மேற்கே போகிற ஐ-70 நெடுஞ்சாலையில், ஐசனோவர் சுரங்கப்பாதைக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நண்பர் ஒருவர் ஃபோனில் பேசினார். ட்யூன் என்று அவர் சொன்னது, எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதிச் சக்தியைக் கூட்டுகிற வேலை. பின்னால் கேம்பர் ட்ரெய்லர் (சக்கரம் வைத்த சின்ன வீடு), ட்ரக்குக்குள் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். வண்டி, 5.3 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின் போட்ட ஹாஃப்-டன் பிக்கப், அதாவது பிக்கப் ட்ரக்குகளில் இலகுவான வகுப்பு. இங்கே தெருவுக்கு நாலு நிற்குமே, அந்த ரகம். "தம்பி, இப்போதைக்கு ஒண்ணும் வாங்காதே, ஊருக்குத் திரும்பி வா, உட்கார்ந்து கணக்குப் போடலாம்" என்றேன். அன்றைக்குப் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். ட்ரெய்லர் இழுப்பதற்குப் புதியவர்கள் எல்லோருக்கும் இதே சந்தேகம் வருகிறது.

அவருடைய ட்ரக், ஆட்கள், சாமான்கள், ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்து சுமார் 14,000 பவுண்டு. ஆறு சதவீத ஏற்றம் என்றால் நூறு அடி போவதற்குள் ஆறு அடி உயரம் ஏறுகிற சாலை. அந்த ஏற்றத்தில் புவியீர்ப்பு வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கிற விசை, மொத்த எடையில் ஆறு சதவீதம், அதாவது 840 பவுண்டு. இதை மணிக்கு 60 மைல் வேகத்தில் எதிர்த்து ஏற, சக்கரத்தில் 134 குதிரைத்திறன் வேண்டும். இது வெறும் ஏற்றத்துக்கு மட்டும். கேம்பர் என்பது சக்கரம் வைத்த அலமாரி மாதிரி, காற்றை முகத்தால் முட்டிக்கொண்டு போகும், அதற்கும் டயர் உருளுவதற்கும் சேர்த்து இன்னொரு நூறு குதிரைத்திறன் வரை போய்விடும். ஆக 60 மைலில் ஏறவேண்டும் என்று அடம்பிடித்தால் 240-க்குப் பக்கத்தில் தேவை. அதே ஏற்றத்தை 45 மைலில் ஏறினால் புவியீர்ப்புக்கு 101 போதும். வலது பக்கத் தடத்துக்குப் போய் வேகத்தைப் பதினைந்து மைல் குறைத்தாலே, காற்று எதிர்ப்பு குறைவதைச் சேர்க்காமல், 33 குதிரைத்திறன் மிச்சம். அவர் வண்டி மாதிரி பெட்ரோல் எஞ்சினுக்கு அறுநூறு டாலர் ட்யூன் இவ்வளவு கொடுத்தால் அதுவே பெரிய விஷயம்.

அடுத்தது உயரம். ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் மூன்று சதவீத சக்தியை இழக்கும், காற்று மெலிந்துபோவதால். கடல் மட்டத்தில் 355 குதிரைத்திறன் கொடுக்கிற அந்த 5.3 அங்கே 240 கொடுத்தால் உண்டு. அதுவும் எஞ்சினை 5,600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை சுற்றவிட்டால்தான். டர்போ இருந்தால் அது கூடுதலாகச் சுற்றிக் காற்றை அமுக்கிக் கொடுத்து, இந்த இழப்பைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். அதனால் கொலராடோ மாதிரி இடத்தில் இருந்துகொண்டு மலைமேல் ட்ரெய்லர் இழுப்பவர் செய்யக்கூடிய ஆகச்சிறந்த எஞ்சின் மாற்றம், வண்டி வாங்கும்போதே டர்போ எஞ்சினாகப் பார்த்து வாங்குவதுதான். வாங்கியபிறகு இதைச் சொல்லி என்ன பயன் என்று நண்பர் முகம் சுருங்கினார். நியாயம்தான்.

சரி, "வண்டி கத்துது" என்றாரே, அதற்கு வருவோம். புதிதாக ட்ரெய்லர் இழுப்பவர்கள் பயப்படுவது இந்தச் சத்தத்துக்குத்தான். முறுக்குவிசையை, அதாவது பவுண்டு-அடியில் சொல்கிற டார்க்கை, ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வந்துவிடும், இது மாறாத கணக்கு. 2,000 ஆர்பிஎம்மில் 330 டார்க் கொடுக்கிற எஞ்சினிடம் அந்த நேரத்தில் இருப்பது 126 குதிரைத்திறன் மட்டும். அதே எஞ்சின் 4,500-இல் 375 டார்க் கொடுத்தால் 321. எஞ்சின் அதேதான், பெட்ரோலும் அதேதான், கியர் ஒன்றிரண்டு கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நண்பர் என்ன செய்திருக்கிறார் என்றால், ஆர்பிஎம் நாலாயிரத்தைத் தொட்டதும் "ஐயோ, எஞ்சின் போயிடும்" என்று காலை எடுத்திருக்கிறார். காலை எடுத்ததும் வேகம் இறங்கும், மறுபடி மிதிப்பார், மறுபடி கத்தும், மறுபடி எடுப்பார். இப்படியே நாற்பதுக்கு வந்து நின்றிருக்கிறார். சுமை இழுப்பதற்குத் தகுந்தபடி கியரை மாற்றச் சொல்கிற டோ/ஹால் பொத்தானை அமுக்கிவிட்டு, வண்டி கேட்கிற கியரை விட்டுக்கொடுத்து, பத்து நிமிடம் அதைக் கத்தவிட்டிருக்கலாம். ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை அந்தச் சத்தத்தில் எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் இல்லை, அதற்குத் தகுந்தபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க நிறுவனங்கள் "இந்த ட்ரக் இத்தனை பவுண்டு இழுக்கும்" என்று போடுகிற எண்ணுக்கு வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 என்ற சோதனைமுறை இருக்கிறது. அரிசோனாவில் புல்ஹெட் சிட்டி பக்கம் டேவிஸ் டாம் ஏற்றம், பதினோரு மைலுக்கு மேல், மொத்தம் மூவாயிரம் அடி உயரம். வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், உள்ளே ஏசி முழு வேகத்தில், பின்னால் முழுச் சுமை. இதில் தேற, பின்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள ட்ரக் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏறினால் போதும். நண்பர் புலம்பிய அதே நாற்பது! சோதனைமுறையே பாஸ் மார்க் போடுகிற வேகத்தைத்தான் அவர் கோளாறு என்று நினைத்து எனக்கு ஃபோன் போட்டிருக்கிறார்.

அந்தச் சோதனையின் விவரத்தை இன்னொரு தடவை பாருங்கள். அதில் முக்கியம் வேகம் அல்ல, வெப்பம். சும்மா ஓட்டுகிற வண்டி முழு சக்தியைக் கேட்பது முன்னால் போகிற காரைத் தாண்டுகிற ஏழெட்டு விநாடிதான். ட்ரெய்லர் இழுக்கிற வண்டி அதைப் பதினைந்து நிமிடம் விடாமல் கேட்கும். ட்யூன் விற்பவர்கள் காட்டுகிற டைனோ (சக்தியை அளக்கிற இயந்திரம்) காகிதத்தில் இருப்பது சில விநாடி ஓட்டத்தின் உச்ச எண். பதினைந்தாவது நிமிடத்தில் கூலன்ட், எஞ்சின் ஆயில், டிரான்ஸ்மிஷன் ஆயில் எல்லாம் எத்தனை டிகிரியில் நிற்கின்றன என்பது அந்தக் காகிதத்தில் இருக்காது. இழுக்கிற வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த மூன்று எண்கள்தான்.

இனி கடையில் விற்கிற சாமான்களைப் பார்ப்போம். கோல்ட் ஏர் இன்டேக் என்று ஒன்று விற்பார்கள், பளபளவென்று ஒரு குழாயும் கூம்பு வடிவ ஃபில்டரும். இப்போது வருகிற ட்ரக்குகளில் கம்பெனி வைத்த ஃபில்டர் பெட்டியே மூடி போட்டு, கிரில் பக்கத்திலிருந்து வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. அதைக் கழற்றிவிட்டு பானட்டுக்குள் திறந்த ஃபில்டரை வைத்தால், ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது எஞ்சின் தன் சூட்டையே தான் குடிக்கும், பெயர் மட்டும் கோல்ட். உறிஞ்சுகிற சத்தம் நன்றாகக் கேட்கும், அந்தச் சத்தத்துக்குத்தான் முந்நூறு டாலர். சைலன்சர் மாற்றுவதும் இதே கதை. கேட்-பேக் எக்ஸாஸ்ட், அதாவது கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற புகைக்குழாய் முழுவதையும் மாற்றிப் போட்டால் பெட்ரோல் எஞ்சினில் கிடைப்பது சொற்பம். ஆனால் இழுக்கிற வேகத்தில் கேபினுக்குள் "உம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் நிரந்தரமாகக் குடியேறும். ஆறு மணி நேரப் பயணத்தில் மூன்றாவது மணியில் பின் இருக்கையிலிருந்து வாந்தி வந்த அனுபவம் எனக்கே உண்டு. அந்தக் குழாயை விற்றுவிட்டேன்.

ட்யூன் கொஞ்சம் வேறு. எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரில் எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி, டர்போ இருந்தால் எவ்வளவு அழுத்தம் என்று அட்டவணைகள் இருக்கும், அவற்றை மாற்றி எழுதுவதுதான் ட்யூன். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் இதனால் கிடைப்பது பத்து, இருபது குதிரைத்திறன். அதுவும் விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போட்டால். டர்போ எஞ்சினில் நிஜமாகவே நிறையக் கிடைக்கும், ஐம்பது, நூறுகூட. எங்கிருந்து கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. கடும் வெயில், மட்டமான பெட்ரோல், நீண்ட ஏற்றம் என்று எல்லாம் ஒரே நாளில் வந்தாலும் தாங்கட்டும் என்று கம்பெனி கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கும். ட்யூன் அந்த இடத்தில்தான் கை வைக்கிறது. வெறும் வண்டியாக வேலைக்குப் போய் வருபவருக்கு அந்த இடம் தேவைப்படாமலே போகலாம். நீங்கள் ட்ரெய்லர் இழுப்பவர், அது யாருக்காக விடப்பட்டதோ அவரே நீங்கள்தான். இதற்குமேல், சூடேறிய எஞ்சினில் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது) தொடங்கினால் கம்ப்யூட்டரே தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும், காசு கொடுத்து வாங்கிய குதிரைகள் மலையடிவாரத்திலேயே இறங்கிக்கொள்ளும். ஃபோர்டின் டர்போ பெட்ரோல் எஞ்சினான ஈக்கோபூஸ்ட் வைத்திருப்பவர்கள் கையேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். ட்ரெய்லர் இழுப்பது போன்ற கடின வேலைக்குப் பிரீமியம் பெட்ரோலை அதிலேயே பரிந்துரைத்திருக்கிறார்கள். பயணத்தன்று மட்டும் நல்ல பெட்ரோல் போடுவது, ட்யூனைவிட மலிவான "ட்யூன்".

டீசல்காரர்கள் "எங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது" என்பார்கள். ஓரளவு உண்மை. 1989-இல் டாட்ஜ் பிக்கப்பில் முதலில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 160 குதிரைத்திறன், 400 டார்க். 1994-இல் வந்த ஃபோர்டின் 7.3 பவர் ஸ்ட்ரோக் 210, 425. அந்தக் காலத்து எஞ்சின்களில் இரும்பு நிறைய, சக்தி குறைவு. அளவாக ஏற்றிக்கொடுத்தால் தாங்கின, டீசல் ட்ரக்கைத் திருகிப் பார்க்கிற பழக்கமே அங்கிருந்து வளர்ந்ததுதான். அப்படி ஒரு பழைய வண்டி வைத்திருந்தால் மிதமான ட்யூன் இன்றைக்கும் நியாயமே. ஒரு நிபந்தனை: வெளியேறும் புகையின் வெப்பத்தைக் காட்டுகிற மீட்டர் முதலில், ட்யூன் பிறகு. டீசலில் கூடுதல் எரிபொருள் என்றால் கூடுதல் சூடு. அலுமினியம் உருகுவது 1,221 டிகிரி ஃபாரன்ஹீட்டில், பிஸ்டன் அலுமினியம். அடியிலிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிர்விப்பதால் புகை அந்த வெப்பத்தைச் சற்று நேரம் தாண்டினாலும் பிஸ்டன் பிழைக்கும். நீண்ட ஏற்றத்தில் 1,250-ஐத் தாண்டி நின்றுகொண்டே இருந்தால் காலை எடு என்பதுதான் டீசல்காரர்களின் கைக்கணக்கு.

ஆனால் இப்போதைய டீசல்? ஃபோர்டின் உயர்சக்தி 6.7 கடையிலிருந்தே 500 குதிரைத்திறனும் 1,200 டார்க்கும் கொடுக்கிறது. 2025 ராமின் கம்மின்ஸ் 430, 1,075. அன்றைக்குத் திருகித் திருகித் தேடிய சக்தியைப் போல இரண்டு மடங்கு, வாரன்டியோடு. இதற்குமேல் என்ன வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

டிபிஎஃப், ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடுகிற அமைப்பு) எல்லாவற்றையும் பிடுங்கி எறிகிற "டிலீட்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2007 முதல் வருகிற டீசல் பிக்கப்புகளில் கரித்துகளைப் பிடிக்கிற வடிகட்டிதான் டிபிஎஃப். அதை எடுப்பது அமெரிக்காவின் சுத்தமான காற்றுச் சட்டத்துக்கு விரோதம், அவ்வளவுதான். பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப்புகளில் இப்படிக் கைவைத்திருக்கிறார்கள் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் கணக்குச் சொன்னது. ஊரே செய்கிறது என்பதால் சரியாகிவிடாது. கலிஃபோர்னியாவில் இன்னும் கறார், எஞ்சினில் போடுகிற வெளிச்சாமானுக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லாவிட்டால் புகைச் சோதனையிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

வாரன்டி விஷயத்தில் இரண்டு கட்டுக்கதை உலவுகிறது. வெளிச்சாமான் போட்டாலே வாரன்டி போச்சு என்பது ஒன்று. 1975-இலிருந்து இருக்கிற மேக்னசன்-மாஸ் சட்டப்படி அப்படிச் சும்மா ரத்து செய்ய முடியாது, அந்தச் சாமானால்தான் கோளாறு வந்தது என்று அவர்கள் காட்டவேண்டும். அதனால் பயமே இல்லை என்பது இரண்டாவது. ட்யூன் போட்ட வண்டியில் டிரான்ஸ்மிஷன் போனால், கூடுதல் டார்க்கால்தான் போனது என்று காட்டுவது அவர்களுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கம்ப்யூட்டரை எத்தனை முறை மாற்றி எழுதினீர்கள் என்ற எண்ணிக்கை உள்ளேயே பதிவாகியிருக்கும், பழையதைத் திரும்ப ஏற்றிவிட்டுக் கொண்டுபோனாலும்.

இனி நண்பரின் வண்டியில் நிஜமாகவே இருந்த கோளாறு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று. அவர் வண்டியில் 1,572. இரண்டு வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறார், படித்ததில்லை. ட்ரெய்லர் 7,500 பவுண்டு, அது ஹிட்ச்சின் (ட்ரக்கோடு அதை இணைக்கிற கொக்கியின்) மேல் அழுத்துகிற டங் வெயிட் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், அவருக்கு 950. குடும்பம் நால்வரும் 520. எடையைப் பரப்புகிற ஹிட்ச் 80. பின்னால் ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, சைக்கிள், அப்புறம் நண்பரின் மனைவி எங்கே போனாலும் எடுத்து வருகிற பதினைந்து கிலோ அரிசியும் வெட் கிரைண்டரும், 200. கூட்டினால் 1,750. ட்ரக்கின் வரம்பைவிட 178 பவுண்டு அதிகம். இப்போது சொல்லுங்கள், எந்த ட்யூன் இதைச் சரிசெய்யும்? ஐந்நூறு குதிரை போட்டாலும் ஆக்சில் அதேதான், ஸ்ப்ரிங் அதேதான், பிரேக் அதேதான். எஞ்சினை எவ்வளவு மாற்றினாலும் கம்பெனி போட்ட எடை வரம்பு ஒரு பவுண்டுகூட ஏறாது. ஸ்ப்ரிங்குக்குத் துணையாக ஏர் பேக் என்கிற காற்றுப் பை போட்டால் வண்டியின் பின்பக்கம் தூக்கி நிற்கும், பார்க்க அழகாக இருக்கும், வரம்பு ஏறாது. நெடுஞ்சாலை ஓரத்து ட்ரக் ஸ்டாப்களில் எடைமேடை இருக்கிறது. சில டாலர் கொடுத்து, ட்ரெய்லரோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். வேறெதற்கும் காசு எடுப்பதற்கு முன்னால் இது.

காசு செலவழித்தே தீருவேன் என்பவருக்கு என் வரிசை இப்படி இருக்கும். டிரான்ஸ்மிஷன் வெப்பம் டேஷ்போர்டில் தெரியாவிட்டால், வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி துளையில் செருகிக் கைபேசியில் பார்க்கிற சின்னக் கருவி, முப்பது டாலர். டோ பேக்கேஜ் (இழுப்பதற்கென்று கம்பெனியே போட்டுத் தருகிற சாமான்கள்) இல்லாமல் வந்த வண்டி என்றால் கூடுதல் டிரான்ஸ்மிஷன் கூலர். எஞ்சினையும் டிரான்ஸ்மிஷனையும் ஆயில் வழியாக இணைக்கிற டார்க் கன்வர்ட்டர் பூட்டாமல் வழுக்கிக்கொண்டே ஏறும்போது அந்த ஆயில்தான் முதலில் கொதிக்கும். கூடுதல் எடை தாங்குகிற ஈ ரக டயர், ட்ரெய்லரின் பிரேக்கை ட்ரக்கிலிருந்தே இயக்குகிற நல்ல பிரேக் கன்ட்ரோலர். ஆக்சில் கியர் மாற்றுவதும் உண்டு, சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்கிற விகிதம் 3.73-லிருந்து 4.10-க்குப் போனால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தில் பத்து சதவீதம் கூடுதல் விசை, எஞ்சினைத் தொடாமலே. ஆனால் நாலு சக்கர இயக்கம் என்றால் முன்னும் பின்னும் மாற்றணும், இரண்டாயிரம் டாலருக்கு மேல் இழுக்கும். பத்து கியர் வண்டிகளில் இதற்கான தேவையும் குறைவு. அப்புறம், வண்டியை உயர்த்தி 32 அங்குல டயரைக் கழற்றி 35 போட்டுவிட்டு "இழுவை குறைஞ்சிடுச்சு" என்று வருகிறவர்கள் தனி ரகம். அந்த டயரால் 3.73 கியர் 3.41 மாதிரி ஆகிவிடும். தானே சக்தியைப் பிடுங்கிவிட்டு, அதைத் திரும்ப வாங்க ட்யூன் கடைக்குப் போகிறார்கள்.

எல்லோரும் ஏறுவதைப் பற்றியே கேட்கிறார்கள். ஐசனோவரைத் தாண்டி சில்வர்தோர்ன் பக்கம் இறங்குகிற சாலையில், பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்க மண்மேடு கட்டி வைத்திருக்கிறார்கள், அதை ஒருமுறை பார்த்தால் கவலை திசை மாறும். ஏற முடியாத வண்டி மெதுவாகத்தான் போகும். நிற்க முடியாத வண்டி அப்படியல்ல. இறக்கத்தில் டோ/ஹால், குறைந்த கியர், டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக், அதாவது புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கிற அமைப்பு. பழைய டீசலுக்கு இந்த எக்ஸாஸ்ட் பிரேக் ஒன்றைத்தான் "கண்ணை மூடிக்கொண்டு போடு" என்பேன்.

நண்பர் கடைசியில் கிரைண்டரை இறக்கினார் (சண்டை இல்லாமல் இல்லை), ஜெனரேட்டரையும் சைக்கிள்களையும் வீட்டில் விட்டார். ஆகஸ்டில் அதே ஏற்றத்தில் 48 மைலில் ஏறியதாகவும், டிரான்ஸ்மிஷன் 206 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை என்றும் படம் எடுத்து அனுப்பினார். இப்போது அவருக்கு, அதைவிடக் கனமான வகுப்பான முக்கால்-டன் டீசல் ஆசை வந்திருக்கிறது. பழையதாகப் பார்க்கிறார். அதற்கும் ஒரு சின்ன வேலை சொல்லிக்கொடுத்தேன்: 2007-க்குப் பிந்தைய டீசல் வண்டியைப் பார்க்கப் போகும்போது, எஞ்சின் ஆறியிருக்கையில் சைலன்சர் குழாயின் உள்ளே விரலை விட்டுத் தடவு. டிபிஎஃப் ஒழுங்காக இருக்கிற வண்டியில் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். அடுப்புச் சட்டியைத் தொட்ட மாதிரி கருப்பாக வந்தால், விற்பவர் ட்யூனைப் பற்றி வாயைத் திறக்கும் முன்பே டிஷ்யூவில் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடு.